நெஞ்செலும்புக்குப் பின்னால்

பிப்ரவரி 9

சுண்டுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் எழுதற மனநிலையில நான் இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு உன்னை ஃபோன்ல நான் திட்டினது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் நீயும் கூப்பிடல, நானும் கூப்பிடல. திட்டினதை வாபஸ் வாங்கறதுக்காக இந்தக் கடிதம் இல்ல. உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும், அதுக்காக.

ஃபோன்லயே கேட்டிருக்கலாம். ஆனா எங்க வீடு உனக்குத் தெரியுமே, ஒரு ரூம்ல முணுமுணுத்தா இன்னொரு ரூம்லேர்ந்து பதில் வரும். உங்கண்ணன் நீச்சல் சொல்லித்தரப் போறதை நிறுத்தி முழு நாளும் வீட்லதான் இருக்கார். படுத்தா மூச்சு முட்டுதுன்னு சோபாவுல சாஞ்சுக்கிட்டே தூங்கறார். நான் உன்கூடப் பேசறது காதுல விழுந்தா, "எனக்குத் தெரியாம என்னைப் பத்தி மாநாடா?"ன்னு ஆரம்பிச்சுடுவார். அதான் நான் கார் சொல்லித்தர்ற டிரைவிங் ஸ்கூல் ஆபீஸ்ல உக்காந்து எழுதறேன். பதிலும் இந்த விலாசத்துக்கே போடு.

அந்த ஊசியோட ரிசல்ட் வந்துச்சு. நெஞ்சுக் கட்டியிலேர்ந்து சதை எடுக்கன்னு நீ அடம் பிடிச்சுப் போட வெச்சியே, அதே ஊசி. அது நுரையீரலைக் குத்தி, நுரையீரல் சுருங்கி, விலாவுல குழாய் சொருகி, மனுஷன் அவ்வளவு பட்டு எடுத்த சதையில என்ன இருந்துச்சாம் தெரியுமா? "நசுங்கிய செல்கள். ஏராளமான சிறு வெள்ளை அணுக்கள். உறுதியாகக் கூற இயலவில்லை." இதான் ரிப்போர்ட்டு.

நெஞ்சு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல, ஆரஞ்சு சைஸ்ல ஒரு கட்டி. அது ரெண்டுல ஒண்ணா இருக்கணுமாம். லிம்ஃபோமான்னா வெள்ளை அணுக்கள்ல வர்ற புற்றுநோய், மருந்திலேயே கரையும், கத்தியே வேண்டாம். இல்லேன்னா தைமஸ்னு அங்க ஒரு சுரப்பி இருக்காம், அதுல முளைச்சது. அப்படின்னா வெட்டி எடுக்கறதுதான் வைத்தியம். எதுன்னு தெரியாம ரெண்டுல எதையும் ஆரம்பிக்க முடியாது. தெரிஞ்சுக்க நெஞ்சைக் கொஞ்சம் திறந்து துண்டு எடுக்கணும்னார். மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்துட்டு, "இவரைப் படுக்க வெச்சு மயக்கம் குடுத்தா கட்டி மூச்சுக்குழாய் மேல உக்காந்துடும். பார்க்கறதுக்காக மட்டும் அந்த ரிஸ்க் எடுக்கணுமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார்.

உங்கண்ணன் ஒரே வரியில முடிச்சுட்டார். "இனிமே யாரும் என்னைக் குத்த வேண்டாம்."

இப்போ என் கேள்வி. உன் லேப்ல ரத்தத்தை வெச்சே என்ன வகைப் புற்றுநோய்னு சொல்றீங்கன்னு நீ ஒரு தடவை பீத்திக்கிட்டே. அது நிஜமா, இல்ல பேப்பர்ல போடறதுக்கான சமாச்சாரமா? ரத்தம் உடம்பு பூரா சுத்துது. நெஞ்சுக்குள்ள இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? எனக்குப் புரியற மாதிரி எழுது. புரியலேன்னா மறுபடி கேப்பேன்.

அண்ணி

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை லேப் வாசலிலேயே நின்று படித்தேன். ஊசி விஷயத்தில் இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். என்ன கட்டி என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. நுரையீரல் சுருங்கியதில் எனக்கும் வலிதான். ஆனால் அது வேறு விஷயம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடம்பில் செல்கள் செத்துக்கொண்டே இருக்கும். சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. உடைந்து துணுக்கு துணுக்காக ரத்தத்தில் கலக்கும். கட்டியின் செல்களும் அப்படித்தான். எல்லா செல்லிலும் இருப்பது ஒரே புத்தகம். ஆனால் ஈரல் செல்லுக்கு வேண்டாத பக்கங்களை அது கோந்து போட்டு ஒட்டி வைத்திருக்கும். தோல் செல் வேறு பக்கங்களை ஒட்டியிருக்கும். அந்தக் கோந்து ஒரு ரசாயன அடையாளம், கிழிந்த துணுக்கிலும் அது போகாது. நாங்கள் ரத்தத்தில் இருக்கும் துணுக்குகளை எடுத்து எங்கெங்கே கோந்து இருக்கிறது என்று படிக்கிறோம். ஏற்கெனவே வகை தெரிந்த கட்டிகளோடு ஒப்பிட்டு, இது இன்ன இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறோம்.

"லாம்" என்பதைக் கவனியுங்கள். இது இன்னும் ஆராய்ச்சிதான். இதை மட்டும் நம்பி எந்த டாக்டரும் கத்தியோ மருந்தோ எடுக்கக் கூடாது, எடுக்கவும் மாட்டார். ஆனால் எந்தப் பக்கம் தேடலாம் என்று சொல்லக்கூடும்.

என் லேப் தலைவியிடம் பேசிவிட்டேன். அண்ணனை ஆராய்ச்சியில் சேர்க்கலாம், அவர் சம்மதித்தால். மாதிரிக்கு எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. சொந்தக்காரர் என்பதால் நான் அதைத் தொடக் கூடாது. துணுக்குகளை ஒப்பிட்டுக் கணக்குப் போடும் எங்கள் கணக்கர்தான் பார்ப்பார். கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசும் பிராணி, ஆனால் தப்பு செய்யாது. முடிவு உங்கள் நெஞ்சு டாக்டருக்குத்தான் போகும்.

தனியாகக் குழாய்கள் அனுப்பியிருக்கிறேன். சாதாரணக் குழாயில் எடுத்தால் வழியிலேயே வெள்ளை அணுக்கள் வெடித்து, அவற்றின் டி.என்.ஏ. எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. வெயில் படக் கூடாது.

அண்ணனுக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். மாநாட்டுக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

சுண்டு

மார்ச் 1

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை அவர்கிட்டயே குடுத்துட்டேன். படிச்சார். நான் எதிர்பார்த்தது சண்டை. அவர் கேட்டது, "கோந்து யார் போடறாங்க?"

"எனக்கென்ன தெரியும்? உங்க தங்கச்சியைக் கேளுங்க."

"ரத்தம்தானே? குழாய்ல எடுக்கற ரத்தம்தானே? நெஞ்சுல கை வைக்க மாட்டாங்களே?"

"கையிலதான் எடுப்பாங்க. கட்டைவிரல் அளவு குழாய்."

"சரி, எடுக்கட்டும்"னார். அப்புறம் சாயங்காலம் பூரா கோந்தைப் பத்தித்தான் பேச்சு. கட்டி அந்தக் கோந்தை மாத்திடுமா? மாத்திடுச்சுன்னா எந்த வீட்டுப் பிள்ளைன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? இதுக்குப் பதில் எழுது. நோய் வந்ததுலேர்ந்து அவர் எதைப் பத்தியும் இப்படிக் கேட்டதில்ல. "ஏன் எனக்கு?"ங்கற ஒரே கேள்விதான் இருந்துச்சு. இது பரவாயில்ல.

ரத்தம் எடுத்த நர்ஸ் உன் குழாயைப் பார்த்து, "இதென்ன மூடி புதுசா இருக்கு?"ன்னு கேட்டா. அவர் அவளுக்கு டி.என்.ஏ. பாடம் நடத்தினார். பாதிதான் சரி. குழந்தையைத் திருப்பிப் படுக்க வைக்கற மாதிரி நானே குழாய்களைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். கூரியர்ல போட்டாச்சு.

அண்ணி

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் அண்ணன் கேள்விக்குப் பதில். கோந்து போடுவதற்கென்றே செல்லுக்குள் சில புரதங்கள் உண்டு. கட்டி அதில் கொஞ்சம் கோளாறு செய்யும். முழுசாக அழிக்காது. பிறந்த வீட்டு ஜாடை மிச்சம் இருக்கும். கோளாறு செய்யும் விதத்திலும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தினுசு உண்டு.

இனி நீங்கள் கோபப்படப் போகும் செய்தி. மாதிரி கெட்டுவிட்டது. பார்சல் எங்கேயோ ஒரு வேனில் வெயிலில் கிடந்திருக்கிறது. ரத்தத்தின் மேலே தெளிந்து நிற்கும் நீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், சிவந்து போயிருந்தது. உங்கள் டாக்டருக்கு "படிக்க இயலவில்லை, மறுபடி அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறோம்.

நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். தலைவியிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். கணக்கர் மெஷினில் ஓட்டிப் பார்த்தார். அது லிம்ஃபோமா என்றது. ஆனால் லிம்ஃபோமா என்பதே வெள்ளை அணுக்களின் நோய். வழியில் வெடித்த அண்ணனின் நல்ல வெள்ளை அணுக்களும் அதே கூச்சல்தான் போடும். இரண்டையும் பிரிக்க எங்களால் முடியவில்லை. தயவுசெய்து இதை நம்பாதீர்கள்.

புதுக் குழாய்களோடு குளிர்ப்பெட்டியும் அனுப்புகிறேன்.

சுண்டு

மார்ச் 20

சுண்டு,

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலேன்னு கேட்டிருக்கேன். இங்க வாய்க்கே வந்துடுச்சு, நீ தட்டி விடற. மெஷின் லிம்ஃபோமான்னு சொல்லியிருக்கு! கத்தி வேண்டாம், மருந்து போதும்! நெஞ்சு டாக்டரும் ஆரம்பத்துலேர்ந்து அந்தப் பக்கம்தான் சாயறார். ஊசியில வந்ததும் வெள்ளை அணுக்கள்தானே? மூணு பேர் ஒண்ணையே சொன்னா நாலாவது ஆள் மட்டும் ஏன் இல்லேங்கறே?

அவர்கிட்ட சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்லிட்டேன். அன்னிக்கு முகம் பார்க்கணுமே. ஒரு வாய் அதிகமா சாப்பிட்டார். இப்போ நான் போய் "இல்ல, அது வெயில் பண்ணின கூச்சல்"னு எந்த வாயால சொல்லுவேன்?

திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கலாமான்னு டாக்டரைக் கேக்கப் போறோம்.

அண்ணி

மார்ச் 26

அண்ணி,

ஆரம்பிக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் தலைவி உங்கள் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். அவரும் காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார், இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் உங்களுக்கு எழுத வேண்டும்.

மூன்று பேர் ஒன்றையே சொல்லவில்லை. மூன்று பேரும் வெள்ளை அணுக்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். தைமஸ் என்பது வெள்ளை அணுக்கள் வளரும் இடம். அதில் முளைத்த கட்டிக்குள்ளும் அவை கூட்டமாக இருக்கும். ஊசி நுனியில் வந்த அந்தச் சின்னத் துண்டில் வீடு வரவில்லை, குடியிருப்பவர்கள் மட்டும் வந்தார்கள். ஆகவே ஊசிக்கும் தெரியாது, கெட்டுப்போன ரத்தத்துக்கும் தெரியாது. டாக்டர் ஊகிக்கிறார். லிம்ஃபோமா மருந்தைத் தைமஸ் கட்டிக்குக் கொடுத்தால் மாதக்கணக்கில் அண்ணன் உடம்பு அடிபடும். கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

எனக்கும் லிம்ஃபோமாவாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை, அண்ணி. அந்த ஆசையால்தான் இந்த முடிவை நான் இரண்டு மடங்கு சந்தேகப்படுகிறேன்.

இன்னொரு முறை ரத்தம் அனுப்புங்கள்.

சுண்டு

ஏப்ரல் 4

சுண்டுவுக்கு,

அனுப்பியாச்சு. இந்தத் தடவை கூரியர்காரனை நம்பல. குளிர்ப்பெட்டியை என் டிரெயினிங் கார்லயே வெச்சு கூரியர் கம்பெனியோட பெரிய ஆபீசுக்கே ஓட்டிட்டுப் போனேன். அந்த நேரத்து ஸ்டூடண்டும் கூட வந்தாங்க, ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். பாதி தூரம் அவங்கதான் ஓட்டினாங்க. உள்ள என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். அதுக்கப்புறம் ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல கூட வண்டி குதிக்கல. இவ்வளவு நாள் என்ன கத்தியும் வராத கிளட்ச் கண்ட்ரோல் அன்னிக்கு வந்துடுச்சு.

அவர்கிட்ட உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அந்த இடத்தை மறுபடி படிச்சார். அப்புறம், "வீடு வரல, குடியிருக்கறவங்க மட்டும் வந்தாங்களா? நல்லாத்தான் எழுதறா"ன்னார்.

எனக்கு எழுத்து ஒண்ணும் நல்லா இல்ல. எனக்கு உன் மெஷின் முதல்ல சொன்ன லிம்ஃபோமாதான் பிடிச்சிருந்துச்சு.

அண்ணி

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை மாதிரி சுத்தமாக வந்து சேர்ந்தது. முடிவு உங்கள் டாக்டருக்குப் போய்விட்டது. அவர் இதை உங்களோடும் பேசலாம் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

லிம்ஃபோமாவின் அடையாளம் இல்லை. மெல்லிசாக, ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டினாலும் மாறாமல், தைமஸின் ஜாடை தெரிகிறது. கணக்கர் என்னிடம் வந்து தன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியம் ஒன்றைச் சொன்னார்: "இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் என்னிடம் தைமஸ் மாதிரிகள் மிகக் குறைவு, அதனால் எனக்கே பயமாக இருக்கிறது."

ஆகவே இதை மட்டும் வைத்து யாரும் நெஞ்சைத் திறக்க முடியாது. ஆனால் தைமஸ் என்று தேடினால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தைமஸ் கட்டி இருக்கும் சிலருக்குத் தசைகள் சீக்கிரம் களைத்துப் போகும் ஒரு நோயும் கூடவே வரும். அது இருக்கிறதா என்று உங்கள் ஆஸ்பத்திரியிலேயே சாதாரண ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் அது தெரிவது மிக முக்கியம். தெரியாமல் கொடுத்தால் ஆபரேஷன் முடிந்தும் அண்ணனால் தானாக மூச்சு விட முடியாமல் போகலாம்.

அண்ணி, நீங்கள்தான் கூட இருக்கிறீர்கள். அண்ணனுக்குச் சாயங்காலமானால் கண் இமை தொங்குகிறதா? பார்ப்பது இரண்டாகத் தெரிகிறதா?

சுண்டு

ஏப்ரல் 30

சுண்டு,

அதெப்படிடி உனக்குத் தெரியும்? அத்தனை தூரத்துல உக்காந்துக்கிட்டு?

உன் கடிதத்தைப் படிச்சதும்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. போன மாசம் செக்கப் முடிஞ்சு சாயங்காலம் வீட்டுக்கு வர்றோம். பக்கத்து சீட்ல உக்காந்து ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைப் பார்த்துட்டு வந்தார். "என்ன கண்ணடிக்கறீங்க?"ன்னு கேட்டேன். "நடுக்கோடு ரெண்டா இருக்கு, ஒரு கண்ணை மூடினா ஒண்ணாயிடுது"ன்னார். தூக்கம் பத்தலேன்னு நினைச்சேன். இமை தொங்கறதையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். சோபாவுல தூங்கற மனுஷனுக்கு வேற எப்படி இருக்கும்னு விட்டுட்டேன்.

நெஞ்சு டாக்டர் நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினார். சின்னப் பொண்ணு, என் ஸ்டூடண்ட் மாதிரி இருக்கா. உங்கண்ணனை மேல பார்க்கச் சொல்லி அவ விரலையே பார்த்துட்டிருக்க வெச்சா. பார்த்துட்டு இருக்கும்போதே இடது இமை ஷட்டர் மாதிரி மெல்ல இறங்கிச்சு. அவ எழுந்து போய் ஒரு ரப்பர் கையுறையில ஐஸ் கட்டி போட்டு முடிஞ்சு எடுத்துட்டு வந்தா.

"இதைக் கண்ணு மேல வெச்சுக்கோங்க."

"இதுதான் இந்த ஆஸ்பத்திரியோட பெரிய மெஷினா?"ன்னு கேட்டார்.

"ஆமா சார். கரண்ட் செலவு இல்ல."

கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா. சுண்டு, கண்ணு திறந்திருந்துச்சு! இமை மேல நின்னுடுச்சு. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். அவர் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?"ங்கறார், அவருக்குத் தெரியல. கண்ணாடியைக் காட்டினேன். பத்து வயசுப் பையன் மாதிரி, "மறுபடி பண்ணுங்க"ன்னார். தசை குளிர்ந்தா இந்த நோய் கொஞ்ச நேரம் விட்டுக் குடுக்குமாம். ஏன்னு கேட்டேன், சொன்னா, பாதி புரிஞ்சது.

அந்தச் சாதாரண ரத்தப் பரிசோதனையும் எடுத்தாங்க. இருக்கு. நீ சொன்ன அதே நோய். நெஞ்சு டாக்டர் ஸ்கேனை மறுபடி மாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். "உங்க நாத்தனார் லேப் பேப்பரை மட்டும் நம்பி நான் எதுவும் பண்ணியிருக்க மாட்டேன்மா"ன்னார். "ஆனா அது வந்ததாலதான் நான் இதைக் கேட்டேன். இப்போ எல்லாம் ஒரே பக்கம் காட்டுது. பார்க்கறதுக்காகத் திறக்க வேண்டாம். ஒரே தடவை திறந்து முழுசா எடுத்துடலாம்."

முதல்ல தசைக்கு மாத்திரை குடுத்து உடம்பைத் தேத்தறாங்க. மயக்க மருந்து டாக்டர் வந்து, "இது தெரியாம நான் மருந்து குடுத்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சார். முடிக்கல.

உங்கண்ணன் என்ன சொன்னார்னு கேக்கறியா? "கத்தி வேண்டாம்னு சொன்னது, என்னன்னு தெரியாம வர்ற கத்தியை. இது தெரிஞ்சு வர்றது"ன்னார். கையெழுத்துப் போட்டுட்டார்.

அண்ணி

மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று அண்ணன் என்னை ஃபோனில் கூப்பிட்டார். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உன் மெஷின் என்னை யார் யாரோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துச்சு?" என்று கேட்டார். தைமஸ் ஆட்கள் ஒரு கைப்பிடிதான் என்றேன். "அப்போ என் கட்டியை எடுத்ததும் அதுலயும் ஒரு துண்டை வாங்கிக்கோ. ரத்தத்தோட ஒத்துப்போகுதான்னு பாரு. தப்பா இருந்தாலும் சொல்லணும்" என்றார்.

பேசப் பேசக் குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. தசை களைக்கிறது. நானே ஃபோனை வைத்துவிட்டேன்.

லேப்பில் நான் தினமும் குழாய்களைத்தான் பார்க்கிறேன், அண்ணி. மூடிமேல் எண் ஒட்டியிருக்கும். இப்போதெல்லாம் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இது எந்தச் சோபாவில் சாய்ந்து தூங்கும் ஆளோ என்று தோன்றுகிறது. வேலை மெதுவாகிவிட்டது. தலைவி திட்டுகிறார்.

ஆபரேஷன் அன்று எனக்கு எழுத வேண்டாம். ஃபோன் செய்யுங்கள்.

சுண்டு

ஜூலை 22

சுண்டுவுக்கு,

ஆபரேஷனைப் பத்தி ஃபோன்லயே எல்லாம் பேசிட்டோம், ஆனாலும் சிலது எழுதினாத்தான் வருது.

முழு ரிப்போர்ட் கையில இருக்கு. தைமஸ் கட்டிதான். ஓரமெல்லாம் சுத்தம், எதுவும் மிச்சமில்லைன்னு போட்டிருக்கு. உங்க கணக்கர்கிட்ட சொல்லு, பயப்பட வேண்டாம்னு. மூச்சை இழுக்க வைக்கற ஒரு நரம்பைக் கட்டி பிடிச்சிருந்ததால அதையும் சேர்த்து எடுத்துட்டாங்க. அதனால ஒரு பக்கம் மூச்சு இனிமே பாதிதான். தசை மாத்திரையும் தொடரணும், எவ்வளவு நாள்னு யாரும் சொல்லல. தழும்பு கழுத்துக்குழியிலேர்ந்து நேரா கீழே இறங்குது. "ஜிப்பு வெச்சுட்டாங்க"ன்னு பார்க்க வர்றவங்ககிட்டயெல்லாம் காட்டறார். ஆனா படுத்துத் தூங்கறார், சுண்டு. கட்டில்ல, மல்லாக்க.

ஊசி விஷயத்துல எனக்கு இன்னும் உன்மேல கோபம் இருக்கு. நீயும் உன் பிடியை விடல. இருக்கட்டும். அடுத்த மாசம் வர்றேன்னு சொல்லியிருக்க. ஜன்னல் பக்கத்துக் கட்டில் உனக்கு.

போன வாரம் நீச்சல் குளத்துக்குப் போனோம். சும்மா பார்க்கன்னுதான் சொன்னார். பழைய மாதிரி கத்த முடியல. பசங்க அவர் பேசறது கேக்கலேன்னு நீந்தி ஓரத்துக்கு வந்து, விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா தலையைத் தூக்கிக் கேட்டாங்க. இத்தனை வருஷம் கத்தினப்ப ஒருத்தனும் கேட்டதில்லன்னு அவருக்கு ஒரே ஆச்சரியம்.

எல்லாரும் போனப்புறம் படியில இறங்கினார். டாக்டர் இடுப்பளவு தண்ணிதான்னு சொல்லியிருக்கார். இடுப்பளவுல நின்னார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாம்னு தலையை ஆட்டறதுக்குள்ள மூச்சை இழுத்துட்டு முங்கிட்டார்.

நான் கரையில நிக்கறேன். என் வலது கால் தானா தரையை அமுக்குது, அங்க பிரேக் இருக்கற மாதிரி. தண்ணிக்கு மேல குமிழி வந்துச்சு. அப்புறம் அதுவும் நின்னுச்சு. செருப்போடயே ரெண்டு படி இறங்கிட்டேன்.

எழுந்தார். இருமினார். மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "பாதிதான் வருது"ன்னார். "மீதிப் பாதி என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்."

மறுபடி முங்கினார். இந்தத் தடவை நானும் குனிஞ்சு தண்ணிக்குள்ள பார்த்தேன்.

அண்ணி